கோட்டைச்சாமி கூற்று

அஜ்மானில், மீன்சந்தைக்குப் பின்னால்,
டைப்பிங் சென்டரில் எனக்குப் பகல் வேலை.
விசா படிவம், வாடகை ஒப்பந்தம், ராஜினாமா,
தொலைந்த பாஸ்போர்ட்டுக்கு ஒரு பக்கம்.
எல்லாவற்றுக்கும் கணினியில் அச்சு உண்டு.
பெயரை மாற்றினால் ஆள் மாறிவிடுவான்.

இரவில் தொலைநிலைக் கல்வி.
எழுதக் கற்பிப்பது எப்படி என்று ஒரு தாள், எட்டு அலகு.
மேல்கட்டிலில் நர்ஸ் ப்ளெஸ்ஸி புரண்டு படுக்க
போர்வைக்குள் போன் வெளிச்சத்தில் வாசிக்கிறேன்.

மூன்றாம் அலகு சொன்னது:
பிழை அறியாமை அல்ல,
எழுதுகிறவர் தனக்குத் தானே வகுத்துக்கொண்ட
ஏதோ ஒரு விதியின் தடம்.
அன்று தூக்கம் போயிற்று.

சனிக்கிழமைகளில் நாலு பிள்ளைகளுக்கு டியூஷன்.
ஆறாம் வகுப்பு யாழ்மொழி எழுதியிருந்தாள்:
மழை வந்துச்சு. ஸ்கூல் லீவு. அப்பா கார் நீந்துச்சு.
நான் சிவப்பில் சுழித்து மேலே
மூழ்கியது
என்று எழுதிக் கொடுத்தேன்.
அவள் கார் மூழ்கவே இல்லை.

கோட்டைச்சாமி சாரம் கட்டுகிறவர்.
என் வயதுதான் இருக்கும்.
மூன்று மாத ஓவர்டைம் வரவில்லை,
ஒரு லெட்டர் போடணும் மேடம் என்றார்.
அச்சை எடுத்தேன்.
மதிப்பிற்குரிய ஐயா, பணிவன்புடன் வேண்டுவது யாதெனில்,
என்று தொடங்கும் ஆங்கிலம்.
தமிழில் சொல்லச் சொன்னார், சொன்னேன்.
தலையாட்டிக்கொண்டே கேட்டார்.
"நல்லாத்தான் இருக்கு.
யாரு சொல்றாப்ல இது?"

பன்னிரண்டாம் வகுப்பில்
அகப்பாட்டுக்கு அடியில் பொடி எழுத்தில் இருக்கும்
தலைவி கூற்று, தோழி கேட்ப.
இரண்டு மதிப்பெண் வினா.
யார் சொல்கிறாள், யார் கேட்க,
எங்கே நின்று, எந்தப் பொழுதில்.
மனப்பாடம் செய்து எழுதி மறந்தேன்.
இப்போது ஐந்தாம் அலகு அதையே
வேறு ஊர்ப் பெயர்கள் சூட்டி
நேற்றுக் கண்டுபிடித்ததுபோல் விற்கிறது.
நானும் தவணையில் வாங்குகிறேன்.

நீங்களே சொல்லுங்க என்று கையை எடுத்துக்கொண்டேன்.
அறைக்காரன் கடன், ஊரில் போர்வெல், பல்வலி
எனச் சுற்றினார். நிறுத்தவில்லை.
பிறகு பதினாலாம் மாடிக்கு வந்தார்.
"ஆறு மணிக்கு இறங்கலாம் மேடம்.
ஆனா பாதி இறுக்கின கிளாம்ப விட்டு இறங்கினா
காலையில எவனாவது அத மிதிப்பான்.
அதான் எட்டு வரைக்கும் நின்னேன்.
அதுக்குப் பேரு ஓவர்டைம்ங்கறாங்க.
எனக்கு அப்படித் தோணல.
ஆனா காசு வேணும்."
கொஞ்ச நேரம் விசிறியைப் பார்த்தார்.
"முன்னாடி சொன்னதெல்லாம் வெட்டிருங்க.
கிளாம்புலேர்ந்து ஆரம்பிங்க."

வரைவு என்ற சொல்லைக் கேட்டிராதவர்
நின்றபடியே மூன்று வரைவு போட்டார்.
கண்ணாடிக்கு அப்பால் முதலாளி குரியன்
கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.
பதினைந்து திர்ஹாம் கடிதத்துக்கு
நாற்பது நிமிடம்.

பணம் வந்ததா தெரியாது.
அவர் திரும்ப வரவில்லை.
கம்பெனியில் யார் கேட்க அந்தக் கூற்று நிகழ்ந்தது என்பதும்
தெரியாது.

எட்டாம் அலகின் ஒப்படைப்பு:
உமது கற்பித்தல் கொள்கையை முந்நூறு சொற்களில் விளக்குக.
மாணவர் மையக் கல்வியில் எனக்கு ஆழ்ந்த நம்பிக்கை உண்டு
என்று எழுதியிருந்தேன், அழகாக.
அதிலும் பெயரை மாற்றினால்
ஆள் மாறிவிடுவாள்.
அழித்தேன்.
கிளாம்பைப் பற்றி நாற்பது சொல் வந்திருக்கிறது.
பாக்கி இருநூற்று அறுபது.
நாளை நள்ளிரவு கடைசி.

இன்று சனி.
யாழ்மொழியின் நோட்டை வாங்கி
என் மூழ்கியதின் மேல் ஒயிட்னர் பூசினேன்.
சுழித்த சிவப்பு போகவில்லை,
இளஞ்சிவப்பாய் எழும்பி நிற்கிறது.
எந்தப் பக்கம் நீந்துச்சு கார், என்றேன்.
சந்தேகமாகப் பார்த்தாள், தப்பா கேள்வியா என்று.
"பெட்ரோல் பங்க் பக்கம், மிஸ்."
கரை ஏறுச்சா?
பென்சில் முனையைக் கடித்தாள்.
"அத இன்னும் எழுதல, மிஸ்."